ஒரு நாள் கொழும்பும் ஒரு மேசனின் வெள்ளிக்கிழமையும்

கொஞ்சம் நீண்ட பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்க.

எங்கட பக்கத்து ஆக்கள் கொழும்புக்கு எதற்குப் போகிறார்கள்? சொறிக்கல்முனையில் கேட்டாலும் சம்மாந்துறையில் கேட்டாலும் கல்முனைக்குடியில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். மஹரகம ஆஸ்பத்திரி. பாஸ்போட். ஏஜென்சி. எயாபோட். கடை வைத்திருப்பவர் என்றால் புறக்கோட்டையில் சாமான் எடுக்க. கலியாண வீடு என்றால் செட்டியார் தெருவில் நகை எடுக்க. இரவு பஸ்ஸில் ஏறி, விடிய இறங்கி, வந்த வேலையை முடித்து, அடுத்த இரவு பஸ்ஸில் திரும்புவதுதான் எங்கட கொழும்பு. என் உம்மா இரண்டு தரம் போனவ. இரண்டு தரமும் உம்மம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நேரம். கொழும்பு எப்படி உம்மா என்று சின்னப் பிள்ளையில் கேட்டால், "வார்ட்டுக்குள்ள இருந்தா எல்லா ஊரும் ஒண்டுதான் மகள்" என்பா.

இப்போது நிலைமை மாறிவிட்டது. புதுசாகக் கலியாணம் முடித்த சோடிகள் "கொழும்பு பார்க்க" என்றே போகிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் படங்களையும் பார்க்கிறேன். தாமரைக் கோபுரத்துக்கு முன்னால் ஒன்று, காலிமுகத்திடலில் ஒன்று, சிவப்புப் பள்ளிக்கு முன்னால் ஒன்று. மாஷா அல்லாஹ், சந்தோஷமான விஷயம். ஆனால் படத்துக்குக் கீழே இடத்தின் பெயரும் ஒரு இதயமும்தான் இருக்கிறது. அந்த இடங்களுக்குள் எங்கட ஆக்களின் கதையும் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வரலாறு படிப்பிப்பவள் என்ற முறையில் அதைச் சொல்லும் பொறுப்பு எனக்கும் இருக்கிறது.

போன டிசம்பர் லீவில் நானும் கணவரும் தெமட்டகொடையில் மச்சி வீட்டில் தங்கி, ஒரு வெள்ளிக்கிழமை முழுநாளும் கொழும்பு பார்த்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் உம்மாவிடம். ஆஸ்பத்திரித் துண்டும் இல்லை, பாஸ்போட் படிவமும் இல்லை. போன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். உங்களில் யாரும் போவதாக இருந்தால் வழிக்கும் உதவும்.

போக முதல் ஒரு பழைய கணக்கு. கொழும்பு எங்களுக்குப் பிறத்தி ஊர் என்ற நினைப்பு எங்கட ஆக்களிடம் நிறைய இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சியில் இருந்த கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, அதில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். அந்தக் கால மட்டக்களப்புக்குள் எங்கட கரையும் அடங்கும்; அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1961இல்தான். நாங்கள் எல்லோரும் அப்படி வந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. அதற்கு முன்பே இந்தக் கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள், இங்குள்ள பெண்களை மணந்தார்கள், தாய்வழியாகக் குடி பார்க்கும் முறை அதனால்தான் இன்றும் எங்கட பள்ளி நிர்வாகங்களில் நிற்கிறது. ஆனாலும் எங்களில் ஒரு பகுதியாரின் மூத்தவர்கள் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்டு மலை தாண்டி வந்தவர்கள். நானூறு வருஷம் கழித்து பேரப்பிள்ளைகள் எயாகொன் பஸ்ஸில் திரும்பிப் போய்ப் படம் எடுக்கிறார்கள்.

காலையில் முதலில் புறக்கோட்டை. பெயரைப் பாருங்க. கோட்டைக்குப் புறத்தே இருப்பது. சிங்களத்தில் பிட்டகொட்டுவ, அதே கருத்து. ஆங்கிலத்தில் பெட்டா என்கிறார்களே, அது எங்கட தமிழ் பேட்டைதான். இப்போது கோட்டைக்குள் போனால் கோட்டையைக் காணமாட்டீர்கள். 1869க்கும் 1871க்கும் இடையில் மதில்களை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். பெயர்தான் மிச்சம்.

இந்தக் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டைக்குள்ளும் ஒரு காலம் முஸ்லிம்கள் வீடு வளவு வைத்திருக்க முடியாது. ஒல்லாந்தர் போட்ட தடை. அவர்கள் கொழும்பைப் பிடித்தது 1656இல். முஸ்லிம்களையும் செட்டிமாரையும் வெளியார் என்று கணக்கெடுத்து, ஊழியம் என்ற கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். செய்யாவிட்டால் காசு கட்ட வேண்டும். 1796இல் ஆங்கிலேயர் வந்த பிறகும் காணித் தடை உடனே போகவில்லை. கவர்னர் ஹோர்ட்டன் காலத்தில், 1832இல்தான் நீங்கியது. இந்த 1832ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்க, பிறகு தேவைப்படும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளி. ஜாமிஉல் அல்பார். 1908இல் தொடங்கி 1909இல் முடித்த கட்டடம். காசு போட்டவர்கள் புறக்கோட்டையில் வியாபாரம் செய்த இந்திய முஸ்லிம்கள். வரைபடம் போட்டவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்ல. படிக்காத மனிதர் போட்ட படத்துக்கு முன்னால்தான் இன்று உலகம் முழுக்க இருந்து வருபவர்கள் வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் செங்கல் வரி, மேலே மாதுளம்பழ வடிவில் கும்பங்கள். அந்தக் காலத்தில் கடலில் வரும் கப்பல்காரருக்கு இதுதான் கொழும்பு வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாம்.

கொழும்புத் தமிழ் ஆக்கள் இந்தப் பள்ளிக்குச் சொல்லும் பெயர் வேறு. சம்மாங்கோட்டுப் பள்ளி. சம்மான்காரர் என்றால் சம்பான் தோணியில் வந்த கரையோர வியாபாரிகள். இதைச் சொன்னதும் கணவர், "அப்ப எங்கட சம்மாந்துறை?" என்றார். அதேதான். சம்பான் வந்து கட்டிய துறை, சம்மாந்துறை என்றுதான் எங்கட மூத்தவர்கள் சொல்லி வருகிறார்கள். கடலே கண்ணுக்குத் தெரியாத சம்மாந்துறைக்கு எப்படித் துறை வந்தது என்று வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள். ஆறும் வாவியும் தோணிப் பாதையாக இருந்த காலத்தை நினைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். கொழும்பில் ஒரு பள்ளியின் செல்லப் பெயரிலும் எங்கட ஊர்ப் பெயரிலும் ஒரே தோணி நிற்கிறது.

அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் பழைய நகர மண்டபம். 1873இல் கட்டியது. கொழும்பு மாநகர சபை 1928இல் இப்போதுள்ள வெள்ளை மண்டபத்துக்கு மாறும் வரை இதில்தான் கூடியது. சுற்றிவரச் சத்தமும் வண்டிலும் நாட்டாமிமாரும். எங்களைத் தவிர அதை நிமிர்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. இந்த இடத்தில்தான் இன்றைய பதிவின் ஆள் முதல்தரம் வருகிறார்.

அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். பிறந்தது 1829, வஃபாத்தானது 1925. தொண்ணூற்றாறு வருஷம் வாழ்ந்த மனிதர். தொழில், கட்டட வேலை. எங்கட பாஷையில் சொன்னால் பெரிய மேசன், கொந்தராத்துக்காரர். இந்தப் பழைய நகர மண்டபம், கோட்டையில் உள்ள பழைய பெரிய தபால் கந்தோர், காலிமுக ஹோட்டல், கொழும்பு நூதனசாலை எல்லாம் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கட்டடங்கள். ஒரு சோடி கொழும்பில் ஒரு நாள் நடந்தால், அவர் கை பட்ட சுவர் ஒன்றையாவது கடக்காமல் வீடு திரும்ப முடியாது.

இப்போது அந்த 1832ஐ எடுங்க. வாப்பிச்சி மரைக்கார் பிறக்கும்போது அவருடைய ஆக்களுக்குக் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டைக்குள்ளும் ஒரு சாண் நிலம் சொந்தமாக வைத்திருக்க அனுமதி இல்லை. தடை நீங்கும்போது அவருக்கு மூன்று வயது. நாற்பத்து நான்கு வயதில் அதே புறக்கோட்டையில் நகர மண்டபம். 1895இல், அறுபத்தாறு வயதில், கோட்டைக்குள் கவர்னர் மாளிகைக்கு நேர் எதிரே தபால் கந்தோர். நான் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், லீவிலயும் பாடமா?" என்றார். சிரித்துக்கொண்டே கோட்டைப் பக்கம் நடந்தோம்.

கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரம். 1857. வரைந்தது கவர்னர் ஹென்றி வார்டின் மனைவி என்று வரலாறு சொல்கிறது. பிறகு அதன் தலையில் விளக்கை வைத்து வெளிச்சவீடாகவும் பாவித்தார்கள். சுற்றிவர உயரமான கட்டடங்கள் எழும்பிக் கடலுக்கு வெளிச்சம் தெரியாமல் போனதால் 1952இல் விளக்கை நிறுத்தினார்கள். தபால் கந்தோரும் இப்போது தபால் கந்தோராக இல்லை. வெளியில் நின்று தூண்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

துறைமுகப் பக்கம் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல். 1875இல் திறந்தது. உள்ளே போய் ரீ குடிக்கலாமா என்று யோசித்து, விலையை நினைத்து விட்டுவிட்டோம். ஆனால் "ஒரு நாள் கொழும்பு" என்ற பழக்கமே தொடங்கியது இந்த வாசலில்தான். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. அதுவரை பெரிய கப்பல்களுக்குக் காலிதான் துறை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பில் அலைதடுப்பு மதிலுக்கு அடிக்கல் வைத்தார். 1885இல் அந்த மதில் முடிந்தது. கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்தன. ஐரோப்பாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் போகும் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற இங்கே நிற்கும். நிலக்கரித் தூசிக்குள் கப்பலில் இருக்க யாருக்கு மனம் வரும்? வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் இறங்கி, ஒரு நாள் ஊர் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறுவார்கள். புறக்கோட்டைத் தெருக்கள், கறுவாத்தோட்டம், நூதனசாலை, காலிமுகத்திடல், நேரம் இருந்தால் கல்கிசை. இன்றைக்கு எங்கட சோடிகள் போகும் பாதையும் கிட்டத்தட்ட இதேதான். தாமரைக் கோபுரம் மட்டும் 2022 செப்டெம்பரில் புதுசாகச் சேர்ந்தது.

அந்தப் பயணிகள் மாணிக்கம் வாங்கியது பெரும்பாலும் எங்கட ஆக்களிடம்தான். 1860இல் காலியில் தொடங்கிய ஓ.எல்.எம். மாக்கான் மரைக்கார் கடை பிறகு கொழும்பின் பெரிய ஹோட்டல்களுக்குள்ளேயே வந்தது. கப்பல் எங்கே போகிறதோ கடையும் அங்கே போகும் என்ற வியாபாரக் கணக்கு.

அப்படி ஒரு நாள் இறங்கிய ஒரு சோடியை உலகமே அறியும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனும் அவருடைய மனைவி ஒலிவியாவும். 1896 ஜனவரி நடுப்பகுதி, மகள் கிளாராவும் கூட. அவுஸ்திரேலியாவிலிருந்து இந்தியா போகும் வழி. உல்லாசப் பயணம் என்று நினைக்காதீர்கள். போட்ட முதல் எல்லாம் நட்டமாகி, 1894இல் வங்குரோத்தாகி, கடனை அடைப்பதற்காக அறுபது வயதில் உலகம் சுற்றிப் பேச்சுக் கொடுத்துக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். கொழும்புத் தெருவில் சனங்கள் உடுத்தியிருந்த நிறங்களைப் பார்த்து அவர் அப்படியே மயங்கிப் போனார். அந்த நேரம் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐரோப்பிய உடுப்புப் போட்டு வரிசையாக வந்தார்கள். அந்த உடுப்பு அவருக்கு அவலட்சணமாகத் தெரிந்தது; பிறகு குனிந்து தன் உடுப்பைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு தெருவில் நிற்கவே வெட்கமாக இருக்கிறது என்ற கருத்தில் எழுதினார். 1897இல் வந்த அவருடைய பயணப் புத்தகத்தில் இது இருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் அப்படி எழுதியது பெரிய விஷயம்தான். ஆனாலும் ஆசிரியை ஆகிய எனக்கு அந்த வரிசையில் வந்த பிள்ளைகள் மேல்தான் மனம் போகிறது. அவர்கள் படிக்கப் போனார்கள். ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறவருக்கு உடுப்பின் நிறம்தான் தெரியும்.

படிப்பு என்றதும் மரைக்காரிடம் திரும்ப வேண்டும். மிஷன் பள்ளிக்கூடங்கள் நாடு முழுக்க நிறைந்த காலத்தில் எங்கட சமூகம் பயந்து ஒதுங்கி நின்றது. மார்க்கம் போய்விடும் என்ற பயம். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு ஒறாபி பாஷா கொழும்புக்கு வந்தார். கண்டியில் சித்திலெப்பை பத்திரிகை நடத்தி, படியுங்கள் படியுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். இவர்களோடு வாப்பிச்சி மரைக்காரும் சேர்ந்து நின்ற முயற்சியில் 1892 ஆகஸ்ட் 22ஆம் தேதி மருதானையில் ஆரம்பித்த மத்ரஸாதான் பிறகு ஸாஹிராக் கல்லூரி. எங்கட கல்முனை ஸாஹிராவுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இது பதில்.

பதினொரு மணி போல ஆட்டோ பிடித்து நூதனசாலைக்குப் போனோம். வெள்ளை வெளேரென்ற கட்டடம், முன்னால் கவர்னர் கிரகெரியின் சிலை, ஒரு பக்கம் விழுதிறங்கிய பெரிய ஆலமரம். திறந்தது 1877 ஜனவரி 1ஆம் தேதி. வரைந்தவர் பொதுவேலைத் திணைக்களத்து ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டியது வாப்பிச்சி மரைக்கார். மரவேலை எஸ்.எம். பெரேரா என்ற ஓடாவி.

திறப்பு விழா பற்றி எங்கட ஆக்கள் தலைமுறையாகச் சொல்லி வரும் கதை ஒன்று இருக்கிறது. விழா முடிந்ததும் கவர்னர் கிரகெரி இந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று கேட்டாராம். ஓடாவி ஒரு பட்டம் கேட்டார், கிடைத்தது. மரைக்கார் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. இந்த நூதனசாலையை வெள்ளிக்கிழமைகளில் மூடி வைக்க வேண்டும் என்று கேட்டார். அதுவும் கிடைத்தது. பிறகு சுதந்திர காலத்தில் வெள்ளியிலும் திறக்க வேண்டிய தேவை வந்தபோது, பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க மரைக்காரின் பேரனிடம் அனுமதி கேட்டார் என்றும் சொல்வார்கள்.

இதைக் கேட்ட நேரமெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி. பட்டமும் காணியும் கேட்டிருக்கலாமே, ஏன் ஒரு நாள் விடுமுறை? மேசன் வேலை பார்க்கும் எங்கட ஊர்ப் பொடியன்மாரைப் பார்க்கும்போது பதில் விளங்குகிறது. நாட்கூலிக்காரனுக்கு ஜும்ஆ என்றால் அரைநாள் சம்பளம். வேலை தந்த ஆளிடம் போய், "ஜும்ஆக்குப் போகணும் துரை" என்று தலையைச் சொறிந்து கேட்க வேண்டிய நாள். வாழ்நாள் முழுக்க அப்படிக் கேட்டவர்களோடு வேலை செய்த மனிதருக்கு, தன் கட்டடமே அந்த நாளில் கதவைச் சாத்தி மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கும். இது என் ஊகம்தான், பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

இப்போது வெள்ளியிலும் திறக்கிறார்கள். நாங்கள் போனதும் வெள்ளிக்கிழமைதானே. பன்னிரண்டு மணிக்குக் கணவர் பக்கத்துப் பள்ளிக்கு ஜும்ஆவுக்குப் போனார். நான் ஆலமரத்தடியில் ழுஹர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மரைக்கார் இருந்திருந்தால் கோபித்திருப்பாரா? கிழக்கிலிருந்து ஒரு முஸ்லிம் பொம்பிளை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள், அவர் கட்டிய சுவரைப் பார்க்க வந்திருக்கிறாள் என்றால் கோபித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளே கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிம்மாசனம் இருக்கிறது. இங்கிலாந்து கொண்டுபோய், 1934இல் திருப்பித் தந்தது. எல்லோரும் அதற்கு முன்னால்தான் கூடி நிற்பார்கள். நீங்கள் போனால் இன்னொன்றையும் தேடிப் பாருங்க. காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. கல்லில் உள்ள வருஷம் 1409. அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் கல் 1911இல் காலியில், மதகுக்கு மூடு கல்லாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரைக் கோயில் தெய்வத்துக்கு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் புகழ்கிறது. அந்தப் பாரசீகப் பகுதிதான் அதிகம் தேய்ந்து போயிருக்கிறது.

கல்லுக்கு முன்னால் நான் நின்ற நேரம் அதிகம். நாங்கள் வீட்டில் தமிழ் பேசி, ஓதும்போது அரபு எழுத்தைப் பார்ப்பவர்கள். அறுநூறு வருஷத்துக்கு முதல் இந்த நாட்டுக் கரைக்கு வந்த ஒரு கப்பல்காரன், இங்கே வியாபாரம் செய்பவர்கள் வாசிக்க வேண்டும் என்றால் தமிழும் வேண்டும், அரபு எழுத்தும் வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். 2019க்குப் பிறகு "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்" என்ற கேள்வியை எங்கட பிள்ளைகள் பஸ்ஸிலும் வேலைத்தலத்திலும் கேட்டுவிட்டு வந்து வீட்டில் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வந்து இந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தலாம். சண்டை பிடிக்க வேண்டாம், வாசித்தால் போதும்.

அதே நேரம் இன்னொன்றையும் எழுத வேண்டும். வாட்சப்பில் "கொழும்பு முழுவதையும் கட்டியது முஸ்லிம்கள்" என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறது. தயவுசெய்து அதை எனக்கு அனுப்பாதீர்கள். நூதனசாலையை வரைந்தது ஓர் ஆங்கிலேயர், மரவேலை ஒரு சிங்களவர், கல் சுமந்தவர்கள் யார் யாரோ. அவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாப்பிச்சி மரைக்காரின் பெயரைப் பாடப்புத்தகத்தில் காணவில்லை என்று கவலைப்படும் நாங்கள், எஸ்.எம். பெரேராவின் பெயரை எங்கட செய்தியிலிருந்து வெட்டிவிட்டால் எப்படி? நம்ம சொறிக்கல்முனைத் திருச்சிலுவைக் கோயில் திருவிழாவுக்கு எத்தனையோ ஊரிலிருந்து சனம் வருகிறது. அந்தக் கோயிலுக்கு யார் யார் மண் சுமந்தார்கள், யார் ஓடு ஏற்றினார்கள் என்று கேட்டால் ஒரு சாதி, ஒரு சமயத்தில் பதில் முடியுமா? கட்டட வேலை நடக்கும் எந்த வளவையும் போய்ப் பாருங்க, தெரியும்.

பின்னேரம் காலிமுகத்திடல். ஒல்லாந்தர் காலத்தில் பீரங்கி சுடுவதற்காகத் திறந்த வெளியாக விட்ட இடம். கவர்னர் ஹென்றி வார்ட் 1856இல் கடலோர நடைபாதை போடத் தொடங்கி 1859இல் முடித்தார். அதற்கு ஒரு நினைவுக்கல்லும் வைத்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இந்த நடைபாதையைப் பேணிக்கொள்ளும்படி, தனக்குப் பின் வரும் கவர்னர்களிடம் கேட்டுக்கொள்ளும் கல். அவர் நினைத்தது வெள்ளைக்காரப் பெண்களையாக இருக்கும், அது வேறு கதை. ஆனால் கல்லில் எழுதியதை யாரும் எங்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. அபாயாவோடு இறால் வடை சாப்பிட்டுக்கொண்டு, காற்றில் பறக்கும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நடந்த அத்தனை உம்மாமாரும் அன்றைக்கு அந்தக் கல்லின் சொந்தக்காரர்தான். யுத்த காலத்தில் கிழக்கு ஐடென்டிக் காட்டோடு கொழும்பில் இறங்கினால் ஒவ்வொரு சந்தியிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். கடற்கரையில் காற்று வாங்கலாம் என்று யாருக்கு நினைப்பு வந்திருக்கும்? எங்கட உம்மாமார் கொழும்பு பார்க்காததற்குக் காசு மட்டும் காரணம் இல்லை.

திடலின் தெற்கு முனையில் காலிமுக ஹோட்டல், 1864. அதுவும் மரைக்காரின் பெயரோடு சேர்ந்தது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. என் வயதுக்குக் கிட்ட. மக்ரிபுக்கு முன் திரும்பி வரும் வழியில் தாமரைக் கோபுரத்தின் நிற வெளிச்சத்தைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொண்டோம். 350 மீற்றர் உயரம். ஏறவில்லை. பிள்ளைகளோடு வரும்போது ஏறுவோம் இன்ஷா அல்லாஹ்.

கடைசியாக ஒரு உதவி கேட்கிறேன். அடுத்த தவணையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு "எங்கட ஆக்களின் முதல் கொழும்புப் பயணம்" என்று ஒரு சின்னத் தொகுப்புச் செய்யப் போகிறேன். 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்த பிறகு இங்கிருந்து வண்டில் கட்டிப் போய் ரயில் ஏறிய மூத்தவர்களின் கதை சில வீடுகளில் இன்னும் இருக்கும். யுத்த காலத்தில் போனவர்கள், வெளிநாட்டுக்குப் போகும்போது எயாபோட்டை மட்டும் பார்த்த உம்மாமார், புறக்கோட்டையில் கடையில் நின்ற காக்காமார், கலியாணம் முடித்துச் சோடியாகப் போய் மிருகக்காட்சிச் சாலை பார்த்தவர்கள், எல்லோர் கதையும் வேண்டும். வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்க. பெயர் போட வேண்டாம். எந்த ஊர், எந்த வருஷம், எதில் போனார்கள், முதலில் எதைப் பார்த்தார்கள் என்று இருந்தால் போதும். என் உம்மாவிடம் நேற்று இரவு கேட்டேன். 1987 என்றா. ஆஸ்பத்திரி வார்ட்டின் ஜன்னலில் ஒரு ஜம்பு மரம் தெரிந்ததாம், காய்த்துக் கிடந்ததாம். அதை எழுதிக்கொண்டேன்.